சின்னஞ்சிறுசுகளுக்கு வீட்டில் ஒரு விளையாட்டு மூலை

(நமது அறக்கட்டளையின் தையல் பயிற்சி வகுப்புக்கு வரும் தாய்மார்களும் அவர்கள் குடும்பத்தாரும் கலந்துகொண்ட கூட்டத்தில், அறக்கட்டளையின் சார்பில் ஆற்றப்பட்ட உரை)





தையல் வகுப்புக்கு வருகிற உங்களில் பாதிப் பேர் இடுப்பில் ஒரு குழந்தையோடுதான் வருகிறீர்கள். தையல் மெஷினுக்கு அடியில் ஊசி கிடக்கும், பாபின் கிடக்கும், கத்தரி கிடக்கும். ஒன்றரை வயதுப் பிள்ளைக்கு அதைவிடச் சுவையான இடம் உலகத்தில் கிடையாது. அதனால்தான் வகுப்புக் கூடத்துக்குப் பின்னால் சாமான் போட்டு வைத்திருந்த எட்டுக்குப் பத்தடி அறையைக் காலி செய்து, சிறு பிள்ளைகள் விளையாடும் இடமாக மாற்றினோம். மொத்தச் செலவு 5,000 ரூபாயைத் தொடவில்லை. இதற்கு ஜகாத் நிதியில் கை வைக்கவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறோம். ஜகாத் அதற்குரியவர்களுக்கே போகிறது. இது பொது நன்கொடையிலிருந்து செய்த செலவு.

அறை தயாரானதும் பலர் எங்களிடம் கேட்ட கேள்வி ஒன்றுதான்: "இங்கே அறை இருக்கிறது, செய்துவிட்டீர்கள். லைன் வீட்டில், ஒரு அறையும் ஒரு அடுப்படியும் உள்ள இடத்தில் நாங்கள் எங்கே போவது?" நியாயமான கேள்வி. கரும்புக்கடையிலும் கோட்டைமேட்டிலும் குனியமுத்தூரிலும் நம்மில் பலர் இருக்கிற வீட்டில் பிள்ளைக்கென்று தனி அறை என்பது கனவிலும் வராத காரியம். தனி அறை தேவையில்லை என்பதுதான் எங்கள் பதில். ஆறுக்கு நாலடி மூலை ஒன்று போதும். ஏன் போதும் என்பதற்கு நம் மார்க்கத்திலேயே சான்று இருக்கிறது.

நபி (ஸல்) அவர்களின் வீடு எவ்வளவு சிறியது என்பதை நாம் எல்லோரும் பயானில் கேட்டிருக்கிறோம். அந்தச் சின்ன அறையில் அன்னை ஆயிஷா (ரழி) அவர்களின் பொம்மைகளுக்கென்று ஒரு மாடம் இருந்தது. அதன் முன்னே ஒரு திரை. ஒரு பயணத்திலிருந்து நபியவர்கள் திரும்பி வந்தபோது காற்று அடித்துத் திரையின் ஓரம் விலகியது, உள்ளே பொம்மைகள் தெரிந்தன. அவற்றின் நடுவே துணித் துண்டால் இரண்டு சிறகு வைத்த ஒரு குதிரை. குதிரைக்குச் சிறகா என்று நபியவர்கள் கேட்க, சுலைமான் (அலை) அவர்களின் குதிரைகளுக்குச் சிறகுகள் இருந்ததைத் தாங்கள் கேள்விப்பட்டதில்லையா என்று ஆயிஷா (ரழி) பதில் சொன்னார்கள். கடைவாய்ப் பற்கள் தெரியும் அளவுக்கு நபியவர்கள் சிரித்தார்கள் என்று அபூதாவூதில் பதிவாகியிருக்கிறது. யோசித்துப் பாருங்கள். ஒரு மாடம், ஒரு திரை, துணித் துண்டில் செய்த பொம்மை, பார்த்துச் சிரிக்கிற ஒரு பெரியவர். ஒரு விளையாட்டு மூலைக்கு வேண்டியது அத்தனையும் இதில் வந்துவிட்டது.

இன்னொரு செய்தி புகாரியிலும் முஸ்லிமிலும் இருக்கிறது. ருபய்யிஃ பின்த் முஅவ்வித் (ரழி) அவர்கள் அறிவிப்பது. ஆஷூரா நோன்பன்று சிறுபிள்ளைகளையும் நோன்பு வைக்கச் செய்வார்கள். பசிக்கு அழுகிற பிள்ளைக்குக் கம்பளியால் செய்த விளையாட்டுப் பொருளைக் கொடுத்து நோன்பு திறக்கும் நேரம்வரை ஆற்றுவார்கள். அழும் பிள்ளையை ஆற்றுவதற்குத் தாய்மார்கள் தங்கள் கையாலேயே ஒன்றைச் செய்து கொடுத்தார்கள். இன்றைக்கு நம் வீட்டில் பிள்ளை அழுதால் கை எதை எடுக்கிறது?

செல்போனைப் பற்றித் திட்டுவதற்காக இந்தக் கூட்டத்தைக் கூட்டவில்லை. அடுப்பில் குழம்பு கொதிக்கும்போது ஐந்து நிமிடம் போனைக் கொடுத்து உட்கார வைக்கிற தாயின் நிலைமை எங்களுக்குத் தெரியும். ஆனால் மருத்துவர்கள் சொல்வதையும் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு வயது ஆகாத பிள்ளைக்குத் திரையே வேண்டாம், அதற்கு மேல் ஐந்து வயதுவரை ஒரு நாளைக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம் என்பது இந்தியக் குழந்தை மருத்துவர் சங்கத்தின் வழிகாட்டுதல். உலக சுகாதார அமைப்பும் 2019-ல் கிட்டத்தட்ட இதையேதான் சொன்னது. போனைப் பிடுங்கினால் அந்த இடத்தில் வேறொன்று இருக்க வேண்டும். வெறும் கையோடு பிடுங்கினால் அழுகைதான் மிஞ்சும். அந்த வேறொன்றுதான் இந்த மூலை.

மாண்டிசோரி என்ற பெயரை அவிநாசி ரோட்டிலும் ரேஸ்கோர்ஸிலும் பெரிய பெரிய பள்ளிகளின் பலகையில் பார்க்கிறோம். கட்டணத்தைக் கேட்டால் மயக்கம் வருகிறது. அந்த அம்மையார் தொடங்கியது எங்கே தெரியுமா? இத்தாலியின் ரோம் நகரில் சான் லொரென்சோ என்ற ஏழைத் தொழிலாளர் குடியிருப்பில், 1907 ஜனவரி 6-ம் தேதி, ஒரு அறையில். பெற்றோர் வேலைக்குப் போனபின் பிள்ளைகள் மாடிப்படியையும் சுவரையும் பாழாக்குகிறார்கள் என்று கட்டடக்காரர்கள்தான் அந்த அறையையே கொடுத்தார்கள். நம் லைன் வீட்டுச் சொந்தக்காரர்கள் சொல்கிற அதே புகார்! ஆரம்பத்தில் விளையாட்டுப் பொருள்களை அலமாரியில் பூட்டித்தான் வைத்திருந்தார்கள். ஒரு நாள் பூட்ட மறந்துபோக, ஆசிரியை வருவதற்குள் பிள்ளைகளே வேண்டியதை எடுத்து அமைதியாக வேலையில் இறங்கிவிட்டார்கள். அதன்பிறகுதான் பிள்ளையின் கைக்கு எட்டும் உயரத்தில் திறந்த அலமாரி வந்தது. 1939-ல் அந்த அம்மையார் சென்னை அடையாறுக்கு வந்தார். உலகப் போர்க் காலத்தில் கொடைக்கானலில் தங்கிப் பிள்ளைகளோடு வேலை செய்தார். ஆக, பணக்காரர் வீட்டுச் சரக்கு என்று நாம் நினைப்பது ஏழை வீட்டில் பிறந்து, நம் ஊர்ப் பக்கமும் வந்து போன ஒன்றுதான்.

சரி, மூலைக்கு வருவோம்.

முதலில் இடம். வாசற்படி, அடுப்பு, தண்ணீர் வாளி மூன்றிலிருந்தும் தள்ளி, நீங்கள் வேலை செய்யும் இடத்திலிருந்து கண்ணுக்குத் தெரிகிற மூலையாக இருக்கட்டும். தெரியாத இடத்தில் எவ்வளவு அழகாக அமைத்தாலும் பிள்ளை அங்கே இருக்காது, உங்கள் காலடிக்கே வந்துவிடும். கீழே விரிக்க எங்கள் அறைக்குப் பவானி ஜமக்காளம் வாங்கினோம். கோ-ஆப்டெக்ஸில் தள்ளுபடிக் காலத்தில் பாருங்கள். துவைக்கலாம், வெயிலில் போடலாம், பத்து வருடம் உழைக்கும். கடையில் விற்கிற எழுத்துப் போட்ட ரப்பர் விரிப்பைப் பிள்ளைகள் கடித்துத் துண்டு துண்டாகப் பிய்ப்பதைப் பார்த்திருப்பீர்கள். அதற்குக் காசு போட வேண்டாம். பழைய சேலைகளை அடுக்கித் தைத்த விரிப்பு அதைவிட நல்லது. தைக்கத்தான் நீங்களே கற்றுக்கொண்டிருக்கிறீர்களே!

அடுத்து சுவர். அலங்காரம் என்றதும் சுவர் முழுக்க ஸ்டிக்கர், தெர்மாகோல், ஜிகினா, பலூன் என்று மனம் ஓடுகிறது. ஓட விடாதீர்கள். அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தார் 2014-ல் வெளியிட்ட ஆய்வு ஒன்றில், சுவர் முழுக்க அலங்கரித்த வகுப்பறையில் இருந்த சிறுபிள்ளைகள் அதிகமாகக் கவனம் சிதறினார்கள், வெறும் சுவருள்ள அறையில் இருந்தவர்களைவிடக் குறைவாகவே கற்றார்கள் என்று கண்டார்கள். தெர்மாகோல் உருண்டை உதிர்ந்து பிள்ளையின் மூக்கிலும் வாயிலும் போகும். வெடித்த பலூன் துண்டு தொண்டையில் ஒட்டிக்கொண்டால் மூச்சே நின்றுவிடும். எங்கள் அறையில் வெள்ளைச் சுண்ணாம்பு அடித்தோம், தரையிலிருந்து இரண்டரை அடி உயரத்துக்கு ஒரு சுவரில் மட்டும் கரும்பலகைப் பெயின்ட் பூசினோம். அவ்வளவுதான். பிள்ளை கிறுக்கும், ஈரத் துணியால் துடைக்கும், மறுபடி கிறுக்கும். வாடகை வீட்டுச் சுவரில் பூச முடியாதவர்கள் ஒரு அட்டையிலோ பிளைவுட் துண்டிலோ பூசிச் சாய்த்து வையுங்கள்.

பெயின்ட் என்றதும் ஒரு எச்சரிக்கை. ஈயம் கலந்த பெயின்ட் சிறுபிள்ளைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். வீட்டுப் பெயின்ட்டில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்று மத்திய அரசின் விதி 2017 நவம்பர் முதல் நடப்பில் இருக்கிறது. வாங்கும்போது டப்பாவில் அந்த விவரம் இருக்கிறதா என்று பாருங்கள். பழைய கதவிலும் ஜன்னலிலும் உரிந்து தொங்கும் பழைய பெயின்ட்டைப் பிள்ளை சுரண்டித் தின்ன விடக் கூடாது. அதற்காக அதை உலர வைத்துச் சுரண்டவும் கூடாது, தூசி வீடெல்லாம் பரவும். பிள்ளைகளை வெளியே அனுப்பிவிட்டு, நனைத்துத் தேய்த்து, துடைத்துவிட்டு மேலே புதிதாகப் பூசுங்கள்.

சுவரில் படம் ஒட்டுவது பற்றிச் சில சகோதரிகள் கேட்டார்கள். ஆயிஷா (ரழி) அவர்கள் உருவப்படம் உள்ள திரையைத் தொங்கவிட்டபோது நபியவர்கள் அதை விரும்பவில்லை. அதை வெட்டித் தலையணை ஆக்கினார்கள் என்று ஹதீஸ் இருக்கிறது. பிள்ளைகள் விளையாடும் பொம்மைக்கு அனுமதி உண்டு என்பதற்கு மேலே சொன்ன ஹதீஸை ஆதாரம் காட்டுவோர் உண்டு; மாற்றுக் கருத்தும் உண்டு. உங்கள் மஹல்லா இமாமிடம் கேட்டுக்கொள்ளுங்கள். எங்கள் அறையில் பிறை, நட்சத்திரம், இலை, மாம்பழம், டவுன் பஸ், காகிதத்தை மடித்து வெட்டிய எட்டு முனைக் கோலம், ஒரு அலிஃப், ஒரு 'அ' ஆகியவற்றை மட்டும் பிள்ளையின் கண் உயரத்தில் ஒட்டினோம். நம் கண் உயரத்தில் ஒட்டினால் அது நமக்கான அலங்காரம்.

மார்க்கெட்டில் கிடைக்கும் ஆப்பிள் பெட்டி இரண்டை வாங்கி, நீட்டிய ஆணிகளை அடித்து மடக்கி, உப்புத்தாளால் தேய்த்துப் பக்கவாட்டில் நிறுத்தினால் அதுதான் அலமாரி. சுவரோடு சேர்த்துத் திருகிவிடுங்கள். பிள்ளை பிடித்து ஏறும், ஏறாமல் இருக்காது. வீட்டில் டி.வி. ஸ்டாண்டும் ஆட்டம் காண்கிற பீரோவும் இருந்தால் அவற்றுக்கும் இதே கதைதான். பெட்டிக்கு முன்னால் ஒரு சின்னத் திரை தைத்துப் போடுங்கள். ஆயிஷா (ரழி) அவர்களின் மாடம் போல. விளையாடி முடித்ததும் திரையை இழுத்துவிட்டால் வீடும் வீடாக இருக்கும், மாமியாரும் ஒன்றும் சொல்லமாட்டார்கள்.

இனி உள்ளே என்ன வைப்பது. கொஞ்சமாக வையுங்கள். 2018-ல் அமெரிக்காவின் டொலிடோ பல்கலைக்கழகத்தில் ஒன்றரை முதல் இரண்டரை வயதுவரை உள்ள 36 பிள்ளைகளை வைத்துப் பார்த்தார்கள். நான்கு பொம்மைகளோடு விட்டபோது, 16 பொம்மைகளோடு விட்டதைவிட ஒவ்வொன்றிலும் நீண்ட நேரம், விதவிதமாக விளையாடினார்கள். இதைக் கேட்டதும் எங்களுக்கே பெரிய நிம்மதி. ஏழை வீட்டில் நான்குதான் இருக்கிறது என்று கவலைப்பட்டோமே, நான்குதான் நல்லது என்கிறார்கள்! நான்கைந்தை வெளியே வைத்து, மீதியைப் பையில் கட்டி மேலே போட்டுவிட்டு, பத்து நாளுக்கு ஒரு தடவை மாற்றுங்கள். பழைய பொம்மையே புதுசு போல இருக்கும்.

நாங்கள் வைத்தவை இவை. மரப்பட்டறையில் மிஞ்சும் சிறு கட்டைகள்: முனை மழுக்கி, மூன்று தரம் தேய்த்து, பெயின்ட் அடிக்காமல் தேங்காய் எண்ணெய் மட்டும் தடவி வைத்தோம். பட்டறைக்காரர் காசு வாங்கவில்லை. எவர்சில்வர் கிண்ணம் மூன்று, ஒன்றுக்குள் ஒன்று போவதாக. ஒரு மரக்கரண்டி, ஒரு சல்லடை. திருப்பூரிலிருந்து எடை போட்டு வாங்கி வருகிற பனியன் கட்பீஸில் செய்த பந்துகள். உள்ளேயும் துண்டுத் துணியே அடைத்தோம். துணிப் பொம்மைக்குப் பட்டனில் கண் வைக்காதீர்கள், நூலிலேயே தைத்துவிடுங்கள். துணியிலேயே பக்கம் பக்கமாக ஒரு புத்தகம்: ஒரு பக்கம் வெல்வெட், ஒரு பக்கம் சாக்கு, ஒரு பக்கம் ஜிப், ஒரு பக்கம் ஜாக்கெட் ஹூக்குக்குப் பதிலாக ஒட்டும் வெல்க்ரோ. வகுப்பில் ஜிப் வைத்துத் தைக்கப் பழகும்போது வீணாகிற துணியெல்லாம் அந்தப் புத்தகத்துக்குள் போய்விட்டது. பெரிய அட்டைப்பெட்டி ஒன்று, அது வீடாகும், பஸ்ஸாகும், கிழிந்தால் அடுத்தது. உடையாத அக்ரிலிக் கண்ணாடி ஒன்று, தரையை ஒட்டி. இதுதான் நாங்கள் கடையில் வாங்கிய ஒரே 'ஆடம்பரம்'. பிள்ளைகள் அதிக நேரம் உட்காருவதும் அதன் முன்னால்தான். பழைய புத்தகங்களுக்கு உக்கடம் பழைய புத்தகக் கடைகள் இருக்கவே இருக்கின்றன. தடித்த அட்டைப் பக்கம் உள்ளதாகப் பார்த்து எடுங்கள்.

நடைவண்டியைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். நம் பெரியவர்கள் காலத்து மூன்று சக்கர மர நடைவண்டி நல்லது. பிள்ளை தானே எழுந்து, தன் காலில் நின்று தள்ளும். உள்ளே உட்கார வைத்து உருட்டுகிற பிளாஸ்டிக் வாக்கர் வேறு. அது நடக்கக் கற்றுக்கொடுப்பதில்லை. கண்ணிமைப்பதற்குள் படிக்கட்டுக்கோ அடுப்புக்கோ கொண்டுபோய் விடுகிறது. கனடா நாட்டில் 2004-லேயே அதை விற்கவே தடை போட்டுவிட்டார்கள். பிள்ளை பிறந்த வீட்டுக்குச் சீர் கொண்டுபோகிற மாமாமார்கள் அதற்குப் பதில் நடைவண்டி வாங்கிக் கொடுங்கள்.

கடையில் பிளாஸ்டிக்கோ பேட்டரியோ உள்ள பொம்மை வாங்கினால் ஐ.எஸ்.ஐ. முத்திரை பார்த்து வாங்குங்கள். 2021 ஜனவரி 1 முதல் இந்தியாவில் விற்கும் பொம்மைகளுக்கு அது கட்டாயம். பதிவு பெற்ற கைவினைஞர்கள் செய்வதற்கும், புவிசார் குறியீடு பெற்றவற்றுக்கும் விலக்கு உண்டு. அதனால் அரக்குப் பூசிய சன்னபட்டணம் மரப்பொம்மையில் முத்திரை இல்லாவிட்டால் பதற வேண்டாம். முத்திரையின் கீழுள்ள எண்ணை 'பி.ஐ.எஸ். கேர்' செயலியில் போட்டுச் சரிபார்க்கலாம். தெருவோரம் பாட்டுப் பாடி விளக்கு எரிகிற மலிவுப் பொம்மையின் பேட்டரி மூடி விரலால் திறக்கிறதா என்று பாருங்கள். திறந்தால் வேண்டவே வேண்டாம். உள்ளே இருக்கும் பட்டன் பேட்டரியைப் பிள்ளை விழுங்கிவிட்டால் இரண்டு மணி நேரத்திலேயே உணவுக் குழாயை அரிக்கத் தொடங்கிவிடும். அப்படி நடந்தால் வாழைப்பழம் கொடுத்துப் பார்ப்பது, வாந்தி எடுக்க வைப்பது, நாளைக்கு வெளியே வந்துவிடும் என்று காத்திருப்பது எதுவும் கூடாது; 108-ஐ அழைத்து உடனே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்கள். இரண்டு சிறு காந்தங்களை விழுங்கினாலும் அவை குடலை நடுவில் வைத்துக் கவ்விக்கொள்ளும், அதுவும் அவசரம்தான்.

மூன்று வயது ஆகும்வரை புளியங்கொட்டை, சோழி, பட்டாணி, நிலக்கடலை இந்த மூலைக்குள் வரக் கூடாது. அக்காமார்கள் பல்லாங்குழி ஆடிவிட்டு எண்ணிப் பார்த்து எடுத்து வைக்க வேண்டும். உங்கள் கட்டைவிரலையும் சுட்டுவிரலையும் வளையமாகச் சேர்த்துப் பிடித்து, அதன் வழியே ஒரு பொருள் விழுந்துவிட்டால் அது சின்னப் பிள்ளைக்கு ஆகாது. வாளியில் அரைச் சாண் தண்ணீர் இருந்தாலும் தலைகுப்புற விழுந்த பிள்ளையால் எழ முடியாது. கவிழ்த்து வையுங்கள், இல்லை குளியலறைக் கதவைச் சாத்துங்கள்.

இரண்டு வயது முடிந்த பிள்ளை உள்ளவர்களுக்கு இன்னொன்று. உங்கள் தெருவுக்கு அருகிலேயே அங்கன்வாடி இருக்கிறது. 1975 அக்டோபர் 2-ல் தொடங்கிய திட்டம் அது. தமிழ்நாட்டில் அங்கே ஆடிப்பாடிக் கற்பதற்கென்றே பாடத்திட்டம் இருக்கிறது, விளையாட்டுப் பொருள் இருக்கிறது, மதியம் சூடான சாப்பாடு இருக்கிறது, எடை போட்டுப் பார்க்கிறார்கள். எல்லாம் இலவசம். நம் மக்களில் சிலருக்கு அங்கன்வாடி என்றால் கௌரவக் குறைச்சல். கடன் வாங்கி பிளே ஸ்கூலுக்குக் கட்டுவதில் என்ன கௌரவம் இருக்கிறது என்று எங்களுக்குப் புரியவில்லை. ஒரு வாரம் போய் உட்கார்ந்து பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

பின்வரிசை அத்தாமார்களுக்கு: பெரிய கடை வீதியில் கடை அடைத்து வர இரவு பத்தாகிறது என்பது தெரியும். ஆனாலும் வாரத்தில் ஒரு அரை மணி நேரம் அந்த ஜமக்காளத்தில் நீங்கள் உட்கார வேண்டும். நபி (ஸல்) அவர்கள் பேத்தி உமாமாவைத் தோளில் சுமந்தபடியே தொழுதிருக்கிறார்கள். பேரர் முதுகில் ஏறியபோது அவர் இறங்கும்வரை ஸஜ்தாவை நீட்டியிருக்கிறார்கள். அபூ உமைர் என்ற சிறுவரிடம் அவர் வளர்த்த குருவியைப் பற்றி நின்று விசாரித்திருக்கிறார்கள். அந்த மூலையில் உள்ள மிகப் பெரிய விளையாட்டுச் சாமான் நீங்கள்தான்; பைசா செலவில்லை. நன்னிமார்கள் உள்ளங்கையில் பருப்புக் கடைந்து கிச்சுக்கிச்சு மூட்டுகிற விளையாட்டை மறந்துவிடாதீர்கள். தமிழோ, உருதுவோ, மலையாளமோ, வீட்டில் பேசுகிற மொழியிலேயே பேசுங்கள். உடைந்த ஆங்கிலத்தில் 'கம், சிட்' என்று சொல்ல வேண்டிய அவசியம் எதுவும் இல்லை.

இனி நம் ஏற்பாடு. பத்துத் துணிப் பைகள் தயார் செய்திருக்கிறோம். ஒவ்வொன்றிலும் ஐந்து விளையாட்டுச் சாமான்கள். இரண்டு வாரத்துக்கு வீட்டுக்கு எடுத்துப்போகலாம், சோப்பு நீரில் கழுவி, துணிச் சாமான்களைத் துவைத்து வெயிலில் காயவைத்துத் திருப்பித் தர வேண்டும். பணம் எதுவும் இல்லை. தொலைந்தால் அபராதம் இல்லை, அதே போல ஒன்றைத் தைத்துக் கொடுத்தால் போதும். ஒட்டுண்ணியோ சொறியோ உள்ள பிள்ளை இருந்தால் சொல்லிவிடுங்கள், அந்தப் பையைத் தனியாக வைத்துக்கொள்வோம். யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள். கட்பீஸ், மரத்துண்டு, தடித்த அட்டைப்பெட்டி, உடையாத பழைய எவர்சில்வர் பாத்திரம் இருப்பவர்கள் வகுப்பு நாட்களில் கொண்டுவந்து கொடுங்கள். பதிவு நோட்டு தையல் ஆசிரியையின் மேசையில் இருக்கிறது. இன்று பெயர் கொடுப்பவர்களுக்கு அடுத்த வகுப்பன்றே பை கிடைக்கும், இன்ஷா அல்லாஹ்.

வஸ்ஸலாம்.